ரப்பர் இல்லாத வகுப்பு

…வரட்டும், வந்து பார்க்கட்டும், எனக்கென்ன பயம், கடைசி பெஞ்சுக்குப் பின்னால் பெரியவர்கள் உட்காரும் நாற்காலி இரண்டு போட்டுத் துடைத்தும் வைத்தாயிற்று, ஒன்று தலைமையாசிரியைக்கு, இன்னொன்று மேலிடத்திலிருந்து வருகிற அதிகாரிக்கு, அதற்குமேல் நான் ஒன்றும் ஜோடிக்கப் போவதில்லை… பக்கத்து வகுப்பு டீச்சர் நேற்றே வண்ணத்தாள் வாங்கிச் சுவரெல்லாம் ஒட்டிவிட்டாள், கதவுக்கு மேலே பூ, ஜன்னலுக்கு ஜன்னல் பட்டாம்பூச்சி, நீங்களும் ஏதாவது ஒட்டுங்களேன்க்கா என்று கத்தரிக்கோலைக்கூட நீட்டினாள், நல்ல பெண், அவள் மனசுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனால் என் சுவரில் எங்கே இடம் இருக்கிறது? என் சுவர் முழுக்கப் பிள்ளைகள் போட்ட கணக்குத் தாள்கள், பாதிக்குப் பாதி தப்பு, தப்பின் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான விடை. அதையா அதிகாரி கண்ணுல படுற மாதிரி வெப்பீங்க, கழட்டிடுங்களேன் என்று தலைமையாசிரியை காலையில் வந்து கெஞ்சாத குறைதான். அதைத்தான் வைப்பேன், அவர் பார்க்க வேண்டியதே அதைத்தானே.

விஷயம் என்னவென்றால், அடுத்த வருஷத்திலிருந்து ஒன்றாம் வகுப்புகளுக்கெல்லாம் ஒரே பயிற்சிப் புத்தகமாம், எல்லா வகுப்பிலும் ஒரே நாளில் ஒரே பக்கமாம், கட்டத்துக்குள் விடையை மட்டும் எழுதினால் போதுமாம், தப்பாகிப் போனால் அழித்துவிட்டு எழுத ஒவ்வொரு புத்தகத்தோடும் ஒரு ரப்பர் இலவசமாம்… இலவசமாம்! என் வகுப்பை மட்டும் என் போக்கில் விட்டுவைக்கலாமா வேண்டாமா என்று பார்க்கத்தான் இந்த மனிதர் வருகிறார், ஒரு பாடவேளை உட்காருவார், எழுதிக்கொள்வார், போவார், அவர் வேண்டாமென்றால் வேண்டாம்தான், இத்தனை வருஷம் நான் பார்த்துப் பார்த்துக் கட்டியது அவர் பேனாவோடு போய்விடும். தலைமையாசிரியை நல்லவர், எனக்காக மேலே பேசியிருக்கிறார், ஒங்களுக்காக நான் அவ்வளவு சொல்லி வெச்சிருக்கேன் டீச்சர், கொஞ்சம் பார்த்து நடத்துங்க என்றார். பார்த்து நடத்துவதா, இவ்வளவு காலம் கண்ணை மூடிக்கொண்டா நடத்தினேன் என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன், நான் துடைத்து வைத்த நாற்காலியையே அவர் முந்தானையால் மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார், எனக்கு வந்த சோதனைக்கு அவர் தவிக்கிறார், அந்த நேரத்தில் என்ன பேச?

என் வகுப்பில் ரப்பர் கிடையாது, பள்ளி திறந்த முதல் நாளே வாங்கி பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரி மேல்தட்டில் ஏற்றிவிடுவேன், திராட்சை வாசம் அடிக்கிற ரப்பர், கார் மாதிரி ரப்பர், பாதி கடித்துத் தின்ற ரப்பர், வருஷக் கடைசியில் அவரவருக்குத் திருப்பிக் கொடுக்கும்போது யாருக்கும் எது தன்னுடையது என்று ஞாபகம் இருக்காது, வேண்டியும் இருக்காது. என்னங்க டீச்சர், நோட்டு இப்படி அலங்கோலமா இருக்கு என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது ஓர் அம்மா வந்து நிற்பாள், உட்கார வைத்து அவள் மகளுடைய நோட்டையே திறந்து காட்டுவேன், பன்னிரண்டில் ஐந்து போனால் பதிமூன்று என்று எழுதியிருக்கும், எழுதி, கோடு போட்டு, பக்கத்தில் ஏழு. பாருங்கம்மா, இவ குருட்டாம்போக்குல எழுதல, பெருசுலேர்ந்துதான் சின்னதக் கழிக்கலாம்னு இவளே ஒரு சட்டம் போட்டிருக்கா, அஞ்சுல ரெண்டு போனா மூணு, அந்த ஒண்ண அப்படியே எறக்கிட்டா, எவ்வளவு யோசிச்சிருக்கா பாருங்க என்பேன், அந்த அம்மாவின் முகம் மெல்ல மாறும், தப்புக்குள்ளே தன் பிள்ளை உட்கார்ந்து யோசிப்பதை முதல்தடவையாகப் பார்ப்பாள். ஏழு மட்டும் இருந்திருந்தால் எனக்கு என்ன தெரிந்திருக்கும், ஏழு என்று தெரிந்திருக்கும், அது எனக்கு முன்னாலேயே தெரியும்… எனக்குத் தெரியாதது அந்தப் பதிமூன்றுதான். அதை ரப்பரால் தேய்த்து ஊதிவிட்டால் பிள்ளையின் மூளைக்குள் நான் எந்த வழியாகப் போவேன்?

ஊரில் எல்லாருக்கும் ஒன்றாம் வகுப்பு டீச்சர் என்றால் இளக்காரம்தான், என் அக்கா கல்லூரியில் பாடம் நடத்துகிறாள், வீட்டுக்கு யார் வந்தாலும் அவளைப் பேராசிரியர் என்று அறிமுகப்படுத்திவிட்டு, என் பக்கம் திரும்பி, இவ சின்னப் பசங்களப் பார்த்துக்குறா என்பார்கள், நான் என்னவோ தொட்டில் ஆட்டுகிற மாதிரி. அக்காவிடமே ஒருநாள் கேட்டேன், ஒன் வகுப்புல யாராவது எனக்குப் புரியலன்னு எழுந்து நிப்பாங்களாக்கா என்று, அவள் யோசித்துவிட்டு, பரீட்சைக்கு முன்னாடி நாள்கூட யாரும் நிக்க மாட்டாங்கடி என்றாள், நான் சிரித்துவிட்டேன், என் வகுப்பில் எழுந்து நிற்பவர்களை உட்கார வைப்பதுதான் எனக்குப் பாடு. அவர் மட்டும் என்ன, என் வீட்டுக்காரர், டெய்லர் கடை வைத்திருக்கிறார், இன்று காலை காபியை ஆற்றிக்கொண்டே, இன்னைக்குப் பரீட்சை பசங்களுக்கா ஒனக்கா என்று கிண்டல், தப்புக்கு மேல கோடு போட்டுப் பக்கத்துல எழுதறதெல்லாம் ஒன் தொழில்ல நடக்கும், நான் துணிய வெட்டினப்புறம் கோடு போட்டா கஸ்டமர் என்னைப் போடுவான் என்கிறார். அதனாலதான் நீங்க டெய்லரு, நான் டீச்சரு என்று சொல்லிவிட்டு வந்தேன், வாசல் தாண்டினதும் சிரித்துக்கொண்டேன், அவருக்கும் உள்ளுக்குள் பெருமைதான், கடைக்கு வருகிறவர்களிடம் என்னைப் பற்றி அளந்து விடுவது எனக்குத் தெரியாதா.

வந்துவிட்டார்கள். அதிகாரி மெலிந்த மனிதர், கையில் தோல் பை, பிள்ளைகளைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு நாற்காலி கிறீச்சிடாமல் மெதுவாக இழுத்து உட்கார்ந்தார், பரவாயில்லை, முரட்டு ஆசாமி இல்லை, முரடராக இருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்… பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், முதல் வரிசையில் இருக்கும் நீதிபதி மட்டும் திரும்பவில்லை, திரும்புகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். நீதிபதி என்று நான் மனசுக்குள் வைத்த பெயர், இரட்டைப் பின்னல், முன்பல் இல்லை, டீச்சர் இவ பென்சிலக் கடிக்கிறா, டீச்சர் அவன் வரிசையில ஒத்தக் கால்ல நிக்கிறான், டீச்சர் அவ கண்ணத் தொறந்துட்டே பிரார்த்தனை பண்றா… நீ கண்ண மூடியிருந்தா அது ஒனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் ஒரு நிமிஷம் யோசிப்பாள், பிறகு அடுத்த வழக்கை எடுப்பாள். பின்வரிசை வாலுப்பயல் ஒருநாள் காலுறைக்குள் ரப்பரை ஒளித்து வைத்துக்கொண்டு வந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னவளும் இவள்தான். அடுத்தவங்கள விடும்மா, ஒன் வேலையப் பாரு என்று வருஷம் பூராவும் சொல்லிப் பார்த்துவிட்டேன், என் வித்தையெல்லாம் பலிக்காத ஒரே இடம் அதுதான், இன்றைக்காவது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமே என்று ஒருமுறை அவளைப் பார்த்துக் கண்ணால் கேட்டேன், அவள் என் கண்ணையே உற்றுப் பார்த்தாள், டீச்சர் கண்ணுல தூசியா என்று கேட்கிற பார்வை.

தினம் ஒரு தப்பு வேண்டுமென்றே எழுதுவது என் வழக்கம், எங்கே எழுதுவேன் என்று சொல்ல மாட்டேன், கண்டுபிடித்தவர்கள் கத்தக் கூடாது, உள்ளங்கையை உயர்த்திக் காட்ட வேண்டும், அவ்வளவுதான், பிறகு பலகைக்கு வந்து என் தப்பின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியை எழுதி, எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். டீச்சருக்கும் தப்பு வரும், வந்தால் வெட்கமில்லை, ஒரு கோடு, அடுத்த வேலை… ஆறு வயதில் இதைக் கற்றுக்கொண்டால் அறுபது வயதுவரை வரும், எழுதப் படிக்க யாரும் சொல்லிக்கொடுத்துவிடலாம், இதை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? இன்றைக்கு ஏழும் ஐந்தும் பதினொன்று என்று எழுதினேன், எழுதி முடிக்கவில்லை, ஏழெட்டு உள்ளங்கைகள் எழுந்துவிட்டன, எப்போதும் பேசாமல் இருக்கும் சுருட்டைமுடிக்காரியைக் கூப்பிட்டேன், அவள் வந்து, எட்டாமல் நுனிக்காலில் நின்று, கோடு போட்டுப் பன்னிரண்டு என்று எழுதினாள், அஞ்சும் அஞ்சும் பத்து, ஏழுல மீதி ரெண்டு இருக்குல்ல என்றாள், குரல் பின்வரிசைவரை போயிற்று. அதிகாரியின் புருவம் உயர்ந்தது, எதையோ எழுதினார், தலைமையாசிரியை என்னைப் பார்த்து மூச்சுவிட்டார். எனக்கு உள்ளே குளிர்ந்தது, சொல்வதற்கென்ன, பெருமையாகத்தான் இருந்தது, பாருங்கள், ஒரு பட்டாம்பூச்சிகூட ஒட்டவில்லை, என் பிள்ளைகள் எப்படி நிற்கிறார்கள் பாருங்கள் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது, அக்காவிடம், வீட்டுக்காரரிடம், இலவச ரப்பர் கொடுக்கிறவனிடம்.

அந்த நினைப்பிலேயே படிக்கட்டை வரைந்தேன்… கழித்தலுக்கு நான் எப்போதும் வரைவது படிக்கட்டுதான், படிக்குப் படி எண் எழுதி, பதினான்காம் படியில் ஒரு பூனையை நிற்க வைத்தேன், பூனை ஆறு படி இறங்கினா எங்க நிக்கும் என்று கேட்டுவிட்டு, அவர்கள் நோட்டில் போட்டுப் பார்க்கட்டும் என்று நானும் பலகையில் ஒவ்வொரு படியாகச் சாக்பீஸை வைத்து இறக்கினேன், பின்னால் நாற்காலி நகர்ந்தது, அதிகாரி எழுந்து சுவரில் இருக்கும் தாள்களைப் பார்க்கிறார், எந்தத் தாளைப் பார்க்கிறார், பதிமூன்றையா, பார்க்கட்டும், புரியுமா அவருக்கு, கூப்பிட்டு விளக்கலாமா, வேண்டாம், தானாகப் புரிந்தால்தான் அழகு… ஒன்பது என்று எழுதினேன். எழுதிய கை பலகையிலேயே நின்றது. ஒன்பதா? பதினான்கு, பதிமூன்று, பன்னிரண்டு என்று எண்ணியிருக்கிறேன், பூனை நிற்கிற படியையே முதல் படியாக எண்ணிவிட்டேன், ஒன்றாம் வகுப்பின் ஆதித் தப்பு, வருஷா வருஷம் ஒவ்வொரு தலையாகத் தொட்டு, நிக்கிற படிய எண்ணாதே, எறங்கினப்புறம் எண்ணு என்று நான் தொண்டை கட்டச் சொல்கிற தப்பு, அதை நான் செய்திருக்கிறேன். நினைத்து முடிப்பதற்குள் பலகையில் அந்த ஒன்பது இல்லை. டஸ்டரைக்கூட எடுக்கவில்லை, வெறும் கையால் துடைத்திருக்கிறேன், அந்த இடத்தில் எட்டு என்று அழகாக எழுதியும்விட்டேன், திரும்பிப் பார்த்தால் அதிகாரி இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், தலைமையாசிரியை அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பிள்ளைகள் குனிந்து எழுதுகிறார்கள், அப்பாடா, யாரும் பார்க்கவில்லை.

ஓர் உள்ளங்கை மட்டும் உயர்ந்திருந்தது. யாருடையது என்று பார்க்கவே வேண்டாம்… பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், யாரெல்லாம் முடிச்சாச்சு என்று பொதுவாகக் கேட்டேன், கை இறங்கவில்லை, கை வலித்தால் மறுகையால் முட்டுக்கொடுத்து நிற்கிற ஜாதி அவள், முட்டுக்கொடுத்தும்விட்டாள். அதிகாரி திரும்பி, அந்தப் பொண்ணு ஏதோ கேக்குது போல என்றார், மரியாதையாகத்தான் சொன்னார், அதற்குமேல் என்ன செய்ய, சொல்லும்மா என்றேன், என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"டீச்சர், ஒம்போதுன்னு எழுதினீங்க. அப்புறம் கையால அழிச்சிட்டீங்க. நம்ம வகுப்புல அழிக்கக் கூடாதுல்ல?"

காது இரண்டும் சுட்டது. அதிகாரி பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அதற்குள் தலைமையாசிரியை எழுந்துவிட்டார், சிரித்த முகமாக, இது டீச்சரோட முறை சார், வேணும்னே தப்பா எழுதுவாங்க, பசங்க கண்டுபிடிக்கணும், இப்பக்கூட பாருங்க, அழிச்சத யாராவது கவனிக்கிறாங்களான்னு ஒரு சோதனை, என்றார். எவ்வளவு அழகாகச் சொன்னார், எனக்கே ஒரு கணம் அப்படித்தானோ என்று தோன்றியது, அதிகாரியும் ஓ என்று தலையாட்டிக்கொண்டே பேனாவைத் திறந்தார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதே இல்லை, சும்மா புன்னகைத்துக்கொண்டு நின்றால் போதும், வகுப்பு எனக்கு, டப்பா எனக்கு, சுவர் எனக்கு, அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும்… பொய்கூட நான் சொல்லவில்லையே, அவர்தானே சொன்னார். நீதிபதியின் கை மட்டும் இன்னும் இறங்கவில்லை. அவள் கேட்டது தப்பைப் பற்றி இல்லை, அழித்ததைப் பற்றி, அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை, பதில் வரும்வரை அந்தக் கை இறங்காது, பதில் வரும்வரை கையை இறக்காதே என்று சொல்லிக்கொடுத்த மகராசி நான்தான்.

இல்ல சார், என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. இது வேணும்னு எழுதினது இல்ல, நெஜமாவே தப்பு, நிக்கிற படிய எண்ணிட்டேன், நீங்க சுவரப் பார்த்தது மேல கவனம் போயிடுச்சு, வெக்கமாப் போயி அழிச்சிட்டேன். தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. திரும்பி, எட்டுக்கு முன்னால் இருந்த இடத்தில் மறுபடியும் ஒன்பது என்று எழுதினேன், அதன் மேல் ஒரு கோடு போட்டேன், தப்பை மறுபடி எழுதுவது எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது, சாக்பீஸ் வழுக்கியது… இதைத்தான் தினமும் இந்தப் பிஞ்சுகளைச் செய்யச் சொல்லியிருக்கிறேன், அவர்களும் முகம் கோணாமல் செய்திருக்கிறார்கள், எவ்வளவு பெரிய காரியத்தை எவ்வளவு சின்னக் கைகள் செய்திருக்கின்றன என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

வகுப்பே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, புதிதாக வந்த டீச்சரைப் பார்ப்பதுபோல. பின்வரிசை வாலுப்பயல்தான், டீச்சர், ஒங்களுக்கு நெஜமா தப்பு வருமா என்று கேட்டான். தினமும்தான் பார்க்குறியேடா, இப்பக்கூட பதினொண்ணுன்னு எழுதினேனே என்றேன். அவன் சிரித்தான், சுருட்டைமுடிக்காரியும் சிரித்தாள், அது சும்மா வெளையாட்டு டீச்சர், எங்களுக்குத் தெரியும், என்றார்கள், என் மனசு நோகக் கூடாதே என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்கள். தெரியுமாம். எல்லாருக்குமே தெரியுமாம். இவ்வளவு நாளும் எனக்காகத்தான் விளையாடியிருக்கிறார்கள்… நீதிபதி கையை இறக்கி, பலகையருகே வந்து, தலையைச் சாய்த்து என் கோட்டைப் பார்த்தாள், நேராவே இல்ல டீச்சர், என்றாள். நேரா இருக்கணும்னு இல்லம்மா, என்றேன். சரி என்று ஒப்புக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

மணி அடித்தது. அதிகாரி பையை மூடினார், நன்றி டீச்சர் என்றார், அவ்வளவுதான், வாசல்வரை போய் ஒருமுறை திரும்பி, என்னையில்லை, பலகையைப் பார்த்தார், பார்த்துவிட்டுப் போய்விட்டார், அதற்கு என்ன அர்த்தம் என்று தலைமையாசிரியைக்கும் தெரியவில்லை, நான் அவ்வளவு சொல்லியும் இப்படிப் பண்ணிட்டீங்களே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், ஆனால் கையை விடவில்லை. இன்றைக்குப் பலகை துடைக்கிற முறைக்காரி டஸ்டரோடு வந்து நின்றாள், இருக்கட்டும், நாளைக்குத் துடைக்கலாம் என்றேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் குழாயடியில் வரிசை, நானும் நின்றேன், என் முறை வந்தது, உள்ளங்கை வெள்ளையாக இருந்தது, ஒன்பதின் சுழிகூடக் கொஞ்சம் தெரிகிற மாதிரி இருந்தது. வகுப்பு போனால் போகட்டும், எனக்கு நேராகக் கையை உயர்த்த ஒருத்தியை உண்டாக்கியிருக்கிறேன், எந்தப் பயிற்சிப் புத்தகத்துக்கு அது முடியும், அக்காவிடம் இன்று ராத்திரியே போனில் சொல்ல வேண்டும், அவரிடம் சொன்னால் நாலு நாளைக்குக் கடைக்கு வருகிற ஆளையெல்லாம் நிறுத்திச் சொல்வார்… தண்ணீரில் கையை நீட்டினேன், சாக்பீஸ் தூள் கரைந்து விரலிடுக்கு வழியாக ஓடியது. இருந்தாலும் ஒன்று, யோசிப்பதற்கு முன்னால் போயிருக்கிறது இந்தக் கை, டஸ்டரைத் தேடவில்லை, தயங்கவில்லை, துடைத்த இடம் சுத்தமாகவும் இருந்தது. இன்றைக்குத்தான் முதல்தடவை என்று எப்படிச் சொல்வேன்? பழகாத கை அவ்வளவு வேகமாகப் போகாதே.

"டீச்சர்," பின்னாலிருந்து நீதிபதியின் குரல், "தண்ணி வீணாப் போகுது."

குழாயை மூடினேன்.